வாந்தி எடுத்துத் தெளிவாக இருந்தால் மருத்துவமனை தேவையில்லையா?

கேள்வி: வீட்டில் ஒருவர் நிறைய பாராசிட்டமால் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். இப்போது நன்றாகப் பேசுகிறார். இனியும் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும், இப்போதே. மீதியை வண்டியில் உட்கார்ந்து படியுங்கள்.

பாராசிட்டமால் விஷயத்தில் ஆள் தெளிவாக இருப்பதை நம்பவே கூடாது. முதல் 24 மணி நேரம் கொஞ்சம் குமட்டல், வாந்தி இருக்கலாம். அதுகூட இல்லாமலும் போகலாம். கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது ஒரு நச்சுப்பொருளும் சிறிதளவு உண்டாகிறது. வழக்கமான அளவு என்றால் கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறித்துவிடும். அளவு மீறும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்கும். பாதிப்பு உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் 3, 4-ஆம் நாளில்தான்.

இதற்கு நல்ல நச்சுமுறிவு மருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்த குளுட்டாதயோனை மறுபடி உண்டாக்க அது உதவும். விழுங்கி 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமானாலும் பலன் உண்டு, அதனால் நேரம் கடந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாராசிட்டமாலின் அளவை, விழுங்கி 4 மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் அதை வைத்து முடிவெடுக்க முடியும். ஆகவே எப்போது விழுங்கினார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரேயடியாக இல்லாமல் பல மணி நேரத்தில் விட்டுவிட்டு விழுங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும், அதையும் சொல்லுங்கள். காலி அட்டைகளை எடுத்துப் போங்கள்.

அப்புறம், அந்த உப்புத் தண்ணீர். இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். வயிற்றில் உள்ளது முழுவதும் வெளியே வராது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஆசிட், மண்ணெண்ணெய் குடித்தவரை எந்த வழியிலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

வேண்டுமென்றே விழுங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காய்ச்சலுக்குத்தான் போட்டார் என்று சொல்லிச் சிகிச்சையைத் தாமதப்படுத்தும் குடும்பங்கள் உண்டு. திட்டுவதையும் தள்ளிப்போடுங்கள், தனியாக விடாதீர்கள். வீடு திரும்புமுன் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

வேறு மாத்திரைகளும் சேர்ந்திருந்து, வழியில் அசந்து குறட்டை விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உடனே ஆம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.