தாத்தாவின் போர்க்கால டைரி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரி டிரைவர். 1944இல் இம்பாலில் இருந்தபோது பென்சிலால் எழுதிய டைரி இருந்தது. 1961இல் அவர் காலமானார். பாட்டியின் காரியம் முடிந்த கையோடு சித்தப்பா அதை பீரோவிலிருந்து எடுத்துப்போய்விட்டார். லண்டன் ஏலத்துக்கு அனுப்பப் போகிறாராம். "60 வருஷம் தாண்டியாச்சு, யாருக்கும் உரிமையில்லை" என்கிறார். பாட்டியைக் கடைசிவரை பார்த்தது நாங்கள்தான். வழக்குப் போடலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: பாட்டியை யார் பார்த்தார்கள் என்று நீதிமன்றம் கேட்காது. தாத்தா உயில் எழுதினாரா என்றுதான் கேட்கும். உயிலில் அந்த நோட்டை ஒருவருக்கு எழுதிவைத்திருந்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை பதிப்புரிமையும் அவருக்கே போகும். உயில் இல்லையென்றால் நோட்டு, எழுத்து இரண்டும் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. உங்கள் அப்பா இருந்தால், வழக்குப் போட வேண்டியவர் அவர்தான். சித்தப்பாவின் 60 வருஷக் கணக்கு தவறு. எழுதியவர் இறந்தபின் வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் பதிப்புரிமையின் 60 ஆண்டு ஓடும்.

என் கவலை அந்த லண்டன் பார்சல்தான். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டைக் கடந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்ப முயன்றாலே குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. "பழைய நோட்டுப் புத்தகம்" என்று கூரியர் சீட்டில் எழுதி அனுப்பிவிட்டு, சுங்க அதிகாரிகளிடம் பதில் சொல்லத் தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பங்கு கிடைக்கும் என்று விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்ட தங்கைகளும் விசாரணைக்கு வந்தார்கள். நோட்டு சாட்சிப் பொருளாகி உறைக்குள் போய்விட்டது. பென்சில் எழுத்து அங்கே மங்கினால் யார் பொறுப்பு?

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. போனில் எடுத்த படங்களை வைத்துத் தனியாகப் புத்தகம் போடாதீர்கள். அச்சான பிறகு தடை கேட்டு சித்தப்பா வரலாம். அவருக்கும் பங்கு உண்டு.

சமாதானமாகப் போங்கள். வழக்கு முடிய எத்தனை வருஷமோ, அந்தக் காகிதம் அதுவரை தாங்காது. படைப்பிரிவின் அதிகாரபூர்வ நாட்குறிப்பை அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். மலைப்பாதைச் சேற்றில் லாரி ஓட்டியவர் அன்று என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்பதை அதில் தேடிப் பயனில்லை; அதற்கு இந்த டைரிதான் வேண்டும். எல்லா வாரிசுகளும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய எழுத்தின் மேல் யாரும் பேனாவால் எழுத வேண்டாம். நோட்டு யாரிடம் இருக்கும், யார் பதிப்பிப்பது, வருமானம் எப்படிப் பிரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறது; அதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். பேச்சுக்கு வராமல் பார்சல் கட்டத் தொடங்கினால் மட்டும், அப்பாவின் பெயரில் அன்றே தடையாணை கேளுங்கள்.