விவாகரத்துப் பணமும் டிசபிலிட்டி உதவியும்: அமெரிக்காவில் இருப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, முதுகுத்தண்டில் அடிபட்டு வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. விவாகரத்தில் 40,000 டாலர் வரப்போகிறது. என் டிசபிலிட்டி பணம் நின்றுவிடுமா?

பதில்: இந்த உதவியைத் தரும் அரசுத் துறையான சோஷியல் செக்யூரிட்டி அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எஸ்எஸ்டிஐ என்றிருந்தால் பயம் வேண்டாம். வேலை பார்த்து வரி கட்டியதற்காக வருவது அது. சொத்துக் கணக்கு கேட்க மாட்டார்கள். எஸ்எஸ்ஐ என்றால், அது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான உதவி, தனி ஆளின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989 முதல் இந்த வரம்பு ஏறவே இல்லை, எனக்கு ஆறாத கோபம் இது. இரண்டும் சேர்ந்து வந்தால் எஸ்எஸ்ஐ பங்குக்குத்தான் ஆபத்து.

கேள்வி: எனக்கு எஸ்எஸ்ஐ. பணத்தைத் தங்கை பெயருக்கு மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. சும்மா கொடுத்தால் 36 மாதம் வரை தகுதி போகலாம். 65 வயதுக்குள் இருந்தால் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் (உதவித் தகுதி போகாமல் உங்களுக்காகப் பணத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை) ஒன்றை அமைத்து, பணம் நேராக அதற்குள் போகும்படி தீர்ப்பிலேயே எழுத வையுங்கள். 2016 கடைசியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதை நீங்களே அமைக்கலாம். உங்கள் காலத்துக்குப் பின் மிஞ்சுவதில், அரசின் மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் உங்களுக்குச் செய்த செலவை முதலில் எடுத்துக்கொள்ளும். அதைத் தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள். விவாகரத்து வக்கீல் கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த டிரஸ்ட் வேலைக்குத் தனி வக்கீல் வேண்டும்.

கேள்வி: வீடா, மாதாமாதம் ஜீவனாம்சமா? எதைக் கேட்கட்டும்?

பதில்: நீங்கள் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. ஜீவனாம்சம் வருமானம், மாதம் கணக்கில் சேர்க்காமல் விடும் 20 டாலர் போக, வருகிற ஒவ்வொரு டாலருக்கும் எஸ்எஸ்ஐயில் ஒரு டாலர் குறையும். ஆனால் வீட்டு வரியும் பழுதுபார்ப்பும் உங்கள் தலையில் விழும், அதையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: செக் ஏற்கெனவே என் கணக்கில் விழுந்துவிட்டது!

பதில்: மாதத்தின் முதல் தேதியில் இருக்கும் இருப்பைத்தான் பார்ப்பார்கள். நான் கூட இருந்து உதவிய ஒரு பெண்ணுக்கு 27ஆம் தேதி செக் வந்தது. மூன்றே நாளில் கடனை அடைத்து, ஓட்ட ஒரு கார் வாங்கி (ஒரு வண்டி கணக்கில் வராது), ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். பின்னால் கேட்டபோது அந்த டப்பாதான் அவளைக் காப்பாற்றியது. அப்புறம், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.