இரண்டு முந்தானை

அன்புள்ள சார்,

போன மாதம் என் அம்மா காலமானார். ஏழு வருடமாக அல்சைமர். நான் வேலைக்குப் போக, என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவர்தான். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனால் சுண்டலை வாயில் போடமாட்டார், முந்தானையில் முடிந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார். அப்படிப்பட்டவர் கடைசியில் என் மகளையே “யாரு இந்தப் பொண்ணு?” என்று கேட்டார். இட்லி ஊட்டினால் பாதியைப் புடவையில் ஒளித்துவைப்பார். எறும்பு மொய்க்கும். ஒருநாள் கையை ஓங்கிவிட்டேன். இப்போது பழைய அம்மாவை நினைக்கப் பார்த்தால் அந்த முகம்தான் வருகிறது. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரி,

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்தக் குற்றவுணர்ச்சி வரும். ஏழு வருடம் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்களுக்கு வராது. அவர்கள் காரியத்தன்று வந்து, “இன்னும் நல்லா பாத்திருக்கலாம்” என்பார்கள்.

எங்கள் ஆயாவுக்கும் இதே நோய். வீடு புளியந்தோப்பில். தாத்தா பி அண்ட் சி மில் தொழிலாளி. 1996இல் மில்லை மூடினார்கள், தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அதெல்லாம் நடந்து பல வருடம் கழித்து, ஆயா தினமும் பதினொரு மணிக்குத் தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து வாசலில் வந்து நிற்கும். “மில்லு சங்கு ஊதப் போவுது, அவருக்குச் சோறு எடுத்துனு போணும்.” அம்மா உள்ளதைச் சொல்வார்: “நைனா செத்து எவ்ளோ வருசம் ஆச்சு, யம்மா.” ஆயா அப்போதுதான் சேதி கேட்டதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழும். மறுநாள் மறுபடியும் தூக்குச்சட்டி. ஒரே சாவுக்கு அந்தக் கிழவியை எத்தனை முறை அழவைத்தோமோ!

காட்டிய டாக்டர் “வயசானா அப்படித்தான்” என்று முடித்துவிட்டார். வயதானால் மறதி கூடும், ஆனால் இது அதுவல்ல, மூளையைத் தின்னும் நோய். புது விஷயங்களைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். அதனால்தான் காலையில் சொன்னது மதியம் நிற்காது, ஐம்பது வருடப் பழக்கம் நிற்கும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆயாவைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. ஒருநாள் போகிறபோக்கில், “இன்னும் சங்கு ஊதல ஆயா, குந்து” என்றார். ஆயா குந்திக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சங்கு ஊதவே இல்லை. பொய்தான். அம்மாவுக்கு அது கடைசிவரை உறுத்தியது.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை இன்னொருமுறை படியுங்கள். அதில் இரண்டு முந்தானை இருக்கிறது. ஒன்றில் சுண்டல், இன்னொன்றில் இட்லி. ஒன்றைப் பாசம் என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னொன்றை நோய் என்று. அந்த இட்லியை யாருக்காக முடிந்துவைத்தார் என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் தன் பசிக்கு ஒளித்தவர் என்றால் ஊட்டும்போதே தின்றிருப்பாரே? எதிரில் நிற்கும் பெண் பேத்தி என்பது மறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பசியோடு வரும் என்பது கைக்கு மறக்கவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மகளிடம் இட்லி விஷயத்தைச் சொல்லுங்கள். கை ஓங்கியதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்.