வீட்டுத் திரை: சூப்பர் ஹீரோ டிஸ்குகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

புது 4கே டிவியும் 4கே பிளேயரும் வாங்கினோம். தைப்பூசக் காவடி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் 4கே டிஸ்கைப் போட்டால், இரவுச் சண்டைக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை. அதே பெட்டியில் இருந்த சாதாரண ப்ளூ-ரே பளிச்சென்று இருக்கிறது. டிஸ்க் பழுதா?
– வாசகி, கியூர்பிப்

டிஸ்கில் பழுது இல்லை, அம்மா. சாதாரண ப்ளூ-ரே சுமார் 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாராகிறது. டிவி அதைத் தன் விருப்பத்துக்கு மேலே ஏற்றிக் காட்டும். அதனால் ஜன்னல் திறந்திருந்தாலும் படம் தெரியும். 4கே டிஸ்கில் உள்ள எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வித்தியாசம் காட்டும் முறை) படத்தில் எந்தப் புள்ளி எத்தனை நிட் என்று டிஸ்கே சொல்லிவிடுகிறது. படத்தைச் சரிபார்த்த மானிட்டர் 1,000 நிட்டாக இருக்கும், சில படங்களுக்கு 4,000. விலை குறைந்த டிவி 300, 350 நிட்டோடு நின்றுவிடும். மின்னலையும் வெடிப்பையும் அந்த எல்லைக்குள் அடக்குவதற்காக அது மொத்தப் படத்தையும் கீழே இறக்குகிறது. கறுப்பு உடை போட்டு இருட்டுச் சந்தில் நிற்கிற கதாநாயகன் அப்போது காணாமல் போய்விடுகிறான்.

டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியின் மெனுவைத் திறங்கள். எச்.டி.ஆர். படத்துக்கான அமைப்புகளை டிவி தனியாக வைத்திருக்கும். கேபிள் சேனல் ஓடும்போது மாற்றியது இதற்குச் செல்லாது. முதலில் மின்சிக்கனம், அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாதி வீடுகளில் இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பட முறையை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். பேக்லைட்டும் கான்ட்ராஸ்டும் எச்.டி.ஆருக்கு உச்சத்திலேயே இருக்கட்டும். லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பேக்லைட்டைக் குறைக்கும் வசதி) இருந்தால் 'ஹை'. இருட்டாக இருக்கிறதே என்று 'பிளாக் லெவலை' ஏற்றாதீர்கள்: நிழலில் இருப்பது தெரியாது, கறுப்பு சாம்பல் நிறமாவதுதான் மிச்சம். சில கம்பெனி டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பதே பிளாக் லெவல், சிலவற்றில் அது பேக்லைட். ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: படத்துக்கு மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை சாம்பலானால் அது பிளாக் லெவல்.

அடுத்து, பிளேயர் சொருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. வாசலைப் பாருங்கள். பல டிவிகளில் அது முழுத் திறனுக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்காது. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்.ஜி.யில் 'அல்ட்ரா எச்.டி. டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று இருக்கும். அது அணைந்திருந்தால் எச்.டி.ஆர். டிவிக்குப் போகாது, நிறம் வெளிறியிருக்கும். கேபிள் 18 ஜிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வகையாக இருக்க வேண்டும். படத்தில் அங்கங்கே வெள்ளைப் பொறி பறந்தாலோ, இரண்டு விநாடி திரை கறுத்து மீண்டாலோ கேபிளைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இருட்டென்றால் டிவியின் எல்லை அவ்வளவுதான். பானசோனிக் யு.பி.820 போன்ற பிளேயர்களில் 'எச்.டி.ஆர். ஆப்டிமைசர்' இருக்கிறது, உங்கள் டிவி எந்த வகை என்று சொன்னால் வெளிச்சத்தைப் பிளேயரே பக்குவப்படுத்தி அனுப்பும். ஆனால் இதற்காகவே அந்த விலையில் ஒரு பிளேயர் வாங்கச் சொல்ல மாட்டோம். 300 நிட் டிவிக்கு, நன்றாகத் தயாரித்த சாதாரண ப்ளூ-ரேயே மேல்.

'தி டார்க் நைட்' டிஸ்கில் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை வருகிறது, போகிறது. 2021இல் வந்த நான்கு மணி நேர 'ஜஸ்டிஸ் லீக்' டிஸ்கில் பட்டை இடமும் வலமும் நிற்கிறது. டிவியில் என்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், ரோஸ் ஹில்

ஒன்றும் மாற்ற வேண்டாம். முதல் படத்தில் சில காட்சிகளை மட்டும் ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவில் எடுத்தார்கள். டிஸ்கில் மற்றக் காட்சிகள் 2.40 அகலத்திலும் (உயரத்தைப் போல் 2.40 மடங்கு அகலம்), ஐமேக்ஸ் காட்சிகள் டிவித் திரை முழுவதையும் நிரப்பும் 1.78 அளவிலும் வரும். இரண்டாவது படத்தை இயக்குநர் 4:3 சதுரவாக்கிலேயே வெளியிட்டார். பக்கப் பட்டை அதனால் வருகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முழுவதும் ஐமேக்ஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. ஆனாலும் டிஸ்கில் வந்தது 2.39தான், உயரம் கூடிய 1.90 வடிவம் டிஸ்னி பிளஸில் மட்டும் கிடைக்கிறது. டிஸ்குக்குக் காசு கொடுத்தவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ரிமோட்டில் 'ஜூம்' அழுத்திப் பட்டையை மறைக்காதீர்கள். 2.39 படத்தை அப்படி இழுத்தால் அகலத்தில் கால் பங்கு வெட்டுப்படும். டிவியில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று வைத்து, படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணைத்துவிடுங்கள்.

பேச்சு கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றினால், அடுத்த நிமிடம் வெடிச்சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். சவுண்ட்பார் அட்மாஸ், டிஸ்கும் அட்மாஸ். ஆனால் சவுண்ட்பாரில் 'டால்பி டிஜிட்டல்' என்றுதான் எழுத்து வருகிறது. பிளேயரை டிவியில் சொருகி, டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் திருப்பி அனுப்பும் வழி) மூலம் சவுண்ட்பாருக்குக் கொடுத்திருக்கிறோம்.
– வாசகர், காத்ர் போர்ன்

இதில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி முறை.

டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நம் மொரிசியஸில் கைமாறும் டிஸ்குகளில் பல பிரான்சிலிருந்தோ பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்தோ வந்தவை. பிளேயரின் மொழியைப் பிரெஞ்சு என்று வைத்திருந்தால் படம் பிரெஞ்சு ஒலியோடு தானாகத் தொடங்கிவிடும். அட்மாஸ் பெரும்பாலும் ஆங்கிலத் தடத்தில்தான் இருக்கும். பிரெஞ்சுத் தடம் பல டிஸ்குகளில் வெறும் டால்பி டிஜிட்டல் அல்லது டால்பி டிஜிட்டல் பிளஸ். ரிமோட்டில் 'ஆடியோ' அழுத்தி மாற்றிப் பாருங்கள்.

தடம் சரியாக இருந்தால் அடுத்து பிளேயரின் ஒலி மெனு. வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்' (டிஸ்கின் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்றிருக்க வேண்டும். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பி.டி. ஆடியோ மிக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருக்க வேண்டும். மெனுவின் டிக் டிக் ஒலியையும் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக வைத்தது அது. திறந்திருந்தால், கலந்த ஒலியைப் பிளேயர் டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்பிவிடும், அட்மாஸ் போய்விடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தாலும் உங்கள் இணைப்பில் அட்மாஸ் வராது. டிஸ்கில் உள்ள அட்மாஸ், டால்பி ட்ரூ எச்.டி. என்ற பெரிய பொதிக்குள் இருக்கிறது, சாதாரண ஏ.ஆர்.சி. அதைச் சுமக்காது. டிவியிலும் சவுண்ட்பாரிலும் இ-ஏ.ஆர்.சி. (ஏ.ஆர்.சி.யின் திறன் கூடிய வடிவம்) இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் பிளேயரின் கேபிளை நேரே சவுண்ட்பாரின் எச்.டி.எம்.ஐ. 'இன்' வாசலில் சொருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். நேர் இணைப்பில் இன்னொரு லாபமும் உண்டு. 2018க்குப் பிறகு வந்த சாம்சங் டிவிகள் பலவற்றில் டி.டி.எஸ். (டால்பிக்குப் போட்டியான ஒலி முறை) கிடையாது. 'தி டார்க் நைட்' 4கே டிஸ்கின் ஆங்கில ஒலி டி.டி.எஸ். 5.1தான்; அட்மாஸ் இல்லை. டிவி வழியாகப் போனால் அந்த ஒலி முடங்கும்.

இனி பேச்சு. வசனம் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. சவுண்ட்பாரின் மெனுவில் 'சென்டர்' தனியாக இருந்தால் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். அதற்குமேல் போனால் வசனம் படத்தை விட்டு வெளியே நின்று பேசும். இரவு நேரத்துக்கு 'நைட் மோட்': சத்தத்தின் உச்சியை அழுத்தி, அடியைத் தூக்கும். டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர்கள் 'வர்ச்சுவல் சரவுண்ட்' எதையும் போட வேண்டாம், வசனத்தைக் குழப்புவது அதுதான்.

வீட்டையும் கவனிக்க வேண்டும். 1960இல் கரோல் புயல் அடித்துப் போன பிறகு மொரிசியஸில் காங்க்ரீட் வீடுகள் பெருகின. காங்க்ரீட் சுவர், காங்க்ரீட் தளம், தரையில் டைல்: புயலுக்கு நல்லது, ஒலிக்கு ஆகாது. நடு ஹாலில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று வால் நீண்டால், வசனத்தின் மெய்யெழுத்துகளை அந்த வால்தான் தின்கிறது. சவுண்ட்பாருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம், கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை, முடிந்தால் சோபாவுக்குப் பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி. புது சவுண்ட்பார் வாங்குவதைவிட இந்த மூன்றும் அதிகம் உதவும்.

பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்புவது பேஸ். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி முட்டி முட்டிப் பெருகும் (ஒலி வேகம் 343 மீட்டரை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் வருவது). சூப்பர் ஹீரோ படத்தில் கட்டடம் சரிவது, விண்கலம் இறங்குவது எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். சப்வூஃபரை மூலையில் வைத்தால் இது இன்னும் கூடும். சப்வூஃபரைச் சற்று நேரம் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த காட்சியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் ஊதாமல் இறுக்கமாகக் கேட்கும் இடம்தான் சப்வூஃபருக்கு இடம். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கீழே ரப்பர் அல்லது கெட்டி ஃபோம் வையுங்கள். தனி ரிசீவர் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துத் தொடங்கலாம்.

ஒரு கொசுறு: டிஸ்னி வெளியிட்ட மார்வெல் 4கே டிஸ்குகளில் அட்மாஸ் ஒலி தாழ்ந்த அளவில் இருக்கிறது, பேஸும் மெலிந்திருக்கிறது என்பது பரவலான குறை. வழக்கத்தைவிட 5, 6 டெசிபல் ஏற்றிக் கேட்க வேண்டியிருந்தால் உங்கள் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேயின் டி.டி.எஸ். 7.1 ஒலியையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் வாங்கி வந்த டி.வி.டி. ஓடுகிறது; அதே கடையில் வாங்கிய ப்ளூ-ரே ஓடவில்லை.
– வாசகர், திரியோலே

வட்டாரக் குறி. டி.வி.டி.க்கு இந்தியாவும் மொரிசியஸும் 5ஆம் வட்டாரம், அதனால் ஓடுகிறது. ப்ளூ-ரேயில் இந்தியா 'சி', நாம் 'பி'. சிங்கப்பூர் டிஸ்க் 'ஏ'. டிஸ்க் பெட்டியின் பின்புறத்தில் இந்த எழுத்து சிறிய சின்னமாக அச்சாகியிருக்கும். மூன்றும் இருந்தால் எங்கும் ஓடும். டி.வி.டி. பூட்டை ரிமோட்டில் திறக்கும் வித்தை பல பிளேயர்களில் உண்டு, ப்ளூ-ரே பூட்டு அப்படித் திறக்காது. 4கே டிஸ்குக்கு வட்டாரக் குறியே கிடையாது. வெளிநாட்டில் வாங்குவதானால் அதையே வாங்குங்கள். ஆனால் கூட வரும் சாதாரண ப்ளூ-ரே அந்த ஊர்க் குறியோடுதான் இருக்கும்.

புது 4கே டிஸ்க், கீறலே இல்லை. படத்தின் பாதியில் உறைந்து நிற்கிறது.
– வாசகி, மஹேபூர்

இந்த டிஸ்குகளில் 66 ஜி.பி. இரண்டு அடுக்கு, 100 ஜி.பி. மூன்று அடுக்கு. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் இடத்தில் லேசர் தடுமாறினால் படம் நிற்கும். ஒரு விரல் ரேகை போதும். கடலோர வீடுகளில் உப்புக் காற்றின் படலமும் சேரும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தோடு ஓடி மொத்தமாகக் கெடுக்கும். புது டிஸ்கையும் துடைத்துவிட்டே போடலாம்.

அடுத்து பிளேயரின் ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருள். புது டிஸ்குகளின் பூட்டுக்குப் புதிய சாவி வேண்டும். இணையம் இல்லாவிட்டால் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த யு.எஸ்.பி. குச்சியில் போட்டு ஏற்றலாம்.

டிஸ்கைத் தேய்த்து மெருகேற்றும் கடைக்கு ப்ளூ-ரேயைக் கொடுக்காதீர்கள். டி.வி.டி.யில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தேய்க்க இடமுண்டு. ப்ளூ-ரேயில் மேலுறையே 0.1 மில்லிமீட்டர்தான். தேய்த்தால் டிஸ்கே போச்சு.

1978 'சூப்பர்மேன்' 4கே டிஸ்க் பனி மூட்டம் போல் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

இல்லை. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் வேண்டுமென்றே மென்மையாக எடுத்த படம் அது. விளக்கைச் சுற்றிப் பரவும் ஒளியும் ஃபிலிமின் துகளும் அப்படியே தெரிந்தால் டிஸ்க் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். டிவியில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' அணைந்திருக்கட்டும். 'ஷார்ப்னஸ்' ஏற்றினால் முகங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது என்று எழுதிய மூன்று வாசகர்களுக்கும் இங்கேயே பதில்: சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' – அணைத்துவிடுங்கள்.

பி.எஸ்.4 ப்ரோ கேம் பெட்டியில் 4கே டிஸ்க் ஓடுமா?
– வாசகர், வாக்குவா

ஓடாது. டிஸ்க் வாசல் உள்ள பி.எஸ்.5இல் ஓடும்.

தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படம், டி.வி.டி.யில் 144 நிமிடம் என்று இருக்கிறது. எதை வெட்டினார்கள்?
– வாசகி, ஃப்ளாக்

ஒரு காட்சியையும் வெட்டவில்லை. சினிமா விநாடிக்கு 24 படம். பிரான்சிலிருந்து வரும் 'பால்' (PAL, ஐரோப்பிய டிவி முறை) டி.வி.டி. விநாடிக்கு 25 படம். 24ஐ 25ஆக ஓட்டுவதால் படம் 4 விழுக்காடு வேகமாகிறது. 150ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுங்கள், 144 வரும். பல டிஸ்குகளில் குரலும் பின்னணி இசையும் கூடவே சற்று உயர்ந்து ஒலிக்கும். ப்ளூ-ரேயிலும் 4கே டிஸ்கிலும் 24 படமே பதிவாவதால் இந்தத் தொல்லை இல்லை. பிளேயர் மெனுவில் '24பி வெளியீடு' திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.