அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ வரும் கதைகளில் கொலையாளி ஏன் உங்களிடம் சிக்குவதில்லை?

அலிபி, அதாவது கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சாட்சி, பலமாக இருப்பவரைத்தான் நீங்கள் முதலிலேயே கழித்துவிடுகிறீர்கள். ஐந்து பொய்ரோ நாவல்கள் படித்தும் ஊகம் தப்புவது அதனால்தான். அகதா கிறிஸ்டி அடிக்கடி மறைப்பது ஆளை அல்ல, கொலை நடந்த நேரத்தை.

பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ் கதை சொல்லும் எட்டு நாவல்களில் இன்னொரு பொறி உண்டு. அவர் பார்த்தது பெரும்பாலும் சரி, போடும் கணக்குதான் தப்பு. அவர் வியப்பதை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் புத்தகத்தில் நிறுத்தி இதைச் செய்து பாருங்கள்:

1. செத்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார்? முகத்தையா, முதுகையா? கதவுக்கு அப்பால் குரல் மட்டும் கேட்டதென்றால் அந்த நேரத்தை அடித்துவிடுங்கள்.
2. ஊரறியச் சண்டை போடும் இருவரையும் ஒரே கட்சியாக வைத்து யோசியுங்கள்.

1934-இல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கதையில் இந்த வழிகள் குழப்பிவிடும். காரணம் கேட்காதீர்கள், படித்துவிடுங்கள்.