ட்ரோன் தெளிப்பும் ஃப்ரீலான்ஸ் கன்சல்டிங்கும்: முதலில் எதற்கு இடம் விடுவது?

தம்பி, பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தொழிலைத் தொடங்கி, ஃப்ரீலான்ஸ் கன்சல்டிங்கையும் கூடவே நடத்தப் போகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ட்ரோனுக்கு, எத்தனை மணி நேரம் கன்சல்டிங்குக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மணிக்கணக்கில் பிரிக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும். கன்சல்டிங் நேரத்தை நீங்களும் கிளையண்டும் பேசி வைத்துக்கொள்ளலாம், இன்று முடியாவிட்டால் நாளை என்று தள்ளலாம். மருந்து அடிக்கும் நேரத்தைக் காற்றும் வெயிலும் பூச்சியும்தான் முடிவு செய்யும். தள்ள முடியாத வேலைக்கு முதலில் இடம் விடுங்கள், தள்ளக்கூடியதை அதைச் சுற்றி அமையுங்கள்.

காற்று மணிக்கு சுமார் 15 கிலோமீட்டரைத் தாண்டினால் மருந்துத் துளி பக்கத்து வயலுக்குப் போய்விடும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இலைகூட அசையாத விடியற்காலையும் ஆபத்துதான். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டது போல நிற்கும்போது நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து வெகுதூரம் நகரும். ஆக வெயில் கொஞ்சம் ஏறி லேசாகக் காற்று எழுந்ததிலிருந்து சூடு கூடும் வரை, அப்புறம் மாலையில் கொஞ்ச நேரம், இவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். அதற்குள் முழு டேங்கோடு ஒரு பேட்டரி 10 நிமிடம் போலத்தான் தாங்கும், இறக்கி, மருந்து நிரப்பி, பேட்டரி மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும், சூடாக இறங்கிய பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். நடுவில் கிளையண்ட் போன் வந்தால் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

அதனால் பருவம் தொடங்குவதற்கு முன்பே எல்லாக் கிளையண்டிடமும் சொல்லிவிடுங்கள்: இந்த மாதங்களில் மதியத்துக்கு முன் மீட்டிங் கிடையாது. தினமும் ஆன்லைனில் இருக்கச் சொல்லும் வேலை, மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கட்டிப்போடும் வேலை, இரண்டையும் அந்தக் காலத்தில் ஏற்காதீர்கள். அறிக்கை, மதிப்பாய்வு, திட்ட வரைவு என்று முடித்துக் கையில் கொடுக்கும் வேலையாக எடுங்கள். டெட்லைன் சொல்லும்போது மழை நாளில் எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மழை விட்டதும் நோயும் பூச்சியும் கிளம்பும், எல்லா விவசாயிகளும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுத உட்கார்ந்த அன்றே வயலுக்குப் போக வேண்டியிருக்கும்.

இரண்டு வேலையும் மோதிக்கொள்வது எங்கே தெரியுமா? டேங்க் கழுவுகிற இடத்தில். காலை வேலை இழுத்துவிட்டது, அடுத்து கிளையண்டோடு ஒரு போன் மீட்டிங் இருக்கிறது, சரி, ஒரு தடவை அலசினால் போதும் என்று தோன்றும். முந்தின வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்து, அது டேங்கிலும் குழாயிலும் நாசிலிலும் (மருந்து பீய்ச்சும் முனை) மிச்சம் இருந்து, அடுத்து நீங்கள் போவது பருத்திக்கோ தக்காளிக்கோ திராட்சைக்கோ என்றால், மிகச் சிறிய அளவே அந்தப் பயிரைச் சுருட்டிவிடும். ஒரு குடும்பத்தின் ஒரு பருவ வருமானம் அது. ஒரு நாள் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது. எனவே கழுவும் நேரத்தையும் வேலை நேரமாகவே காலண்டரில் போடுங்கள். ராத்திரி இரண்டு மணி வரை அறிக்கை எழுதிவிட்டுக் காலையில் ட்ரோன் ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள், தூக்கம் கெட்ட கண்ணுக்கு மின்கம்பி தெரியாது.

உங்கள் கன்சல்டிங் எந்தத் துறையில் என்று நீங்கள் எழுதவில்லை. பயிர் ஆலோசனைதான் என்றால் ஒன்றை இப்போதே யோசியுங்கள். மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்பவரும் நீங்கள், அடித்துக் காசு வாங்குபவரும் நீங்கள். நீங்கள் நேர்மையாகச் சொன்னாலும், விளைச்சல் குறைந்த ஒரு வருடத்தில் அந்த விவசாயி சந்தேகப்படுவார், அப்படிச் சந்தேகப்பட அவருக்கு உரிமையும் உண்டு. ஆலோசனையை எழுத்தில் கொடுங்கள், ட்ரோன் தொழில் உங்களுடையது என்று முதல் நாளே சொல்லுங்கள், இந்த வாரம் அடிக்கத் தேவையில்லை என்று தோன்றினால் அதையும் அதே எழுத்தில் சொல்லுங்கள். அப்படி நாலு பேரிடம் வேண்டாம் என்று சொன்ன ஆளைத்தான் பிறகு நம்பிக் கூப்பிடுவார்கள்.

உங்கள் அப்பா இதெல்லாம் இரண்டு வருட மோகம் என்று பயப்படுகிறார் என்றீர்கள். ஆளில்லாமல் பறந்து மருந்து அடிப்பது புதிதல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். ஜப்பானில் யமஹா 1987-லேயே ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை இதற்காகவே கொண்டுவந்தது, சீன ட்ரோன் நிறுவனமான டிஜேஐ-யின் முதல் ஆக்ராஸ் விவசாய ட்ரோன் 2015-ல் வந்தது. தொழில் நிற்கும். உங்கள் கணக்கு நிற்குமா என்பதில்தான் அவர் பயம் நியாயமானது. கடன் தவணை வேலை இல்லாத மாதத்திலும் வரும், பேட்டரி தேய்ந்துகொண்டே போகும் பொருள். கன்சல்டிங் பணம் வீட்டுக்கு, ட்ரோன் பணம் ட்ரோனுக்கு என்று இரண்டு வங்கிக் கணக்காக வையுங்கள். ட்ரோன் தன் தவணையையும் பேட்டரியையும் உதவியாளர் கூலியையும் தானே கட்டிக்கொண்டு, தெளிப்பு வேலை இல்லாத இரண்டு காலங்களைத் தாண்டும் வரை கன்சல்டிங்கை விடாதீர்கள். முதல் பருவம் நன்றாகப் போனதும் விட்டுவிடத் தோன்றும், பொறுங்கள். உதவியாளர் கட்டாயம். மருந்து கலக்கவும் பேட்டரி மாற்றவும் ஒருவர் இருந்தால்தான் உங்கள் கண் வானத்தில் இருக்கும்.

உரிமத்தைச் சரிபாருங்கள். ட்ரோன் ஓட்ட ஒரு அனுமதி, மருந்து தெளிக்க இன்னொன்று என்று இருக்கும் நாடுகள் உண்டு, அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் விதிகளில் பகுதி 107-ம் (ட்ரோன் ஓட்ட) வேண்டும், பகுதி 137-ம் (வானிலிருந்து மருந்து தெளிக்க) வேண்டும். இன்சூரன்ஸில், மருந்து காற்றில் விலகி அடுத்தவர் பயிரைக் கெடுத்தால் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பருவம் முடிந்து கன்சல்டிங்கில் முழுதாக இறங்கும்போது பேட்டரியை முழுச் சார்ஜில் அலமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள், உப்பிவிடும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, மாதம் ஒரு முறை பாருங்கள்.

இப்போது கையில் இருக்கும் கிளையண்ட் ஒப்பந்தங்களில் பருவ மாதங்களுக்குள் விழுவது எவை என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். எதை மாற்றிப் பேசலாம், எதை விட வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். ட்ரோனுக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.