சுவரையே பார்க்கும் கேமரா: வழக்குப் போடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் நான்கு பேர் கூட்டாக மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறோம். யார் பேசினாலும் தானாக உணர்ந்து அவர் பக்கம் திரும்பும் என்று சொன்னதால், ரூ.1.86 லட்சத்துக்குக் கான்ஃபரன்ஸ் கேமரா வாங்கினோம். அது சுவரைத்தான் காட்டுகிறது. ஐந்து மாதமாகப் போனில் சொல்லியும் பலனில்லை. ஒரு மீட்டிங்கில் வெளிநாட்டு பார்ட்டி சிரித்தே விட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு ரூ.10 லட்சம் கேட்கலாமா?

பதில்: சிரித்ததை விடுங்கள், அதற்குப் பணம் வராது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நுகர்வோர் ஆகமாட்டார். வணிக நோக்கம் என்று காட்டும் பொறுப்பு எதிர்தரப்புக்கே என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொன்னது உண்மைதான். ஆனால் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்து, வரி வரவும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், எதிர்தரப்பின் வேலையை நீங்களே முடித்துக் கொடுத்ததாகிவிடும். உங்களுக்கு சிவில் கோர்ட்தான்.

அங்கே எடுபடும் கேள்வி ஒன்றே: கேமரா வேண்டாம் என்று எழுத்தில் சொன்னீர்களா? சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 42-ன்படி, நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலம் தாண்டியும் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ‘சரிசெய்து கொடுங்க’ என்று போனில் கேட்பது நிராகரிப்பு ஆகாது. கட்சிக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்: திட்டிக்கொண்டே அதே கேமராவில் வாராவாரம் மீட்டிங் நடத்துவார்கள். அதன்பின் முழு விலையும் திரும்பாது. பிரிவு 59-ல் விலைக் குறைப்போ நஷ்ட ஈடோ மட்டும்தான்.

அடுத்தது பிரிவு 16. தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். மாடல் எண்ணை நீங்களே தேர்ந்து ஆர்டரில் எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். வாங்குமுன் அறையின் நீளம், எத்தனை பேர் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதுதான் உங்கள் பலம்.

‘எக்கோ அடிக்கிற ரூம் சார்’ என்பார்கள் விற்றவர்கள். அதில் நியாயமும் இருக்கலாம். பல மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் கேமரா திசையைக் கணிக்கிறது; டைல்ஸிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒலியால் ஏமாந்துவிடும். லேப்டாப்பின் ஆட்டோ ஃப்ரேமிங்கை (ஆளைத் தானாகவே படத்துக்குள் கொண்டுவரும் வசதி) அணைத்து, கேமராவில் ஒலியை விட்டு முகத்தை மட்டும் பின்தொடரும் முறை இருந்தால் அதில் ஓட்டி வீடியோ எடுங்கள். அப்போதும் சுவரைப் பார்த்தால் குறை கேமராவில். முகத்தைச் சரியாகப் பிடித்தால் பழி அறை மீது போகும். அதற்குமுன் ஃபேக்டரி ரீசெட், ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் எதுவும் வேண்டாம்; குறை மறைந்தால் சாட்சியும் மறையும். வீடியோவைக் கோர்ட்டில் தர சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும்.

என் கருத்து: சமரசமே போங்கள். மாற்று மாடலோ, விலையில் மூன்றில் ஒரு பங்கோ கிடைத்தால் சீரியல் எண்ணோடு எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். விலை குறைத்தால், பில் தொகை குறைந்ததைக் காட்டும் கிரெடிட் நோட் கேளுங்கள். எடுத்த வரி வரவில் அந்த அளவுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.